நல்ல பிரெஞ்சு சிவப்பு வைன்: கடையில் சுவைத்துப் பார்ப்பதா, போத்தலையே வாங்கிவிடுவதா?

பத்து நாளைக்கு முன் என் சித்தி மகள் கூப்பிட்டாள். அவள் கணவருக்கு ஐம்பது வயது நிறைகிறது. இரண்டு பேருமே எப்போதாவது ஒரு கிளாஸ் வைன் எடுத்துக்கொள்பவர்கள். “முந்நூறு வெள்ளி ஒதுக்கி வச்சிருக்கேன் அண்ணே. நல்ல பிரெஞ்சு ரெட் வைனா ஒரே போத்தல் வாங்கிடவா? இல்ல, நம்ம புளோக் பக்கத்துக் கடையில சனிக்கிழமை டேஸ்டிங்னு போட்டிருக்காங்களே, அங்க கூட்டிட்டுப் போகவா?”

இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் இந்த ஆண்டில் நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். தீபாவளிக்கு மேலதிகாரிக்குக் கொடுக்க, மகன் பட்டம் வாங்கியதைக் கொண்டாட, இப்படி ஆளுக்கொரு காரணம். எல்லோருக்கும் உள்ளே இருக்கும் பயம் ஒன்றுதான்: இவ்வளவு காசைக் கொட்டி, கடைசியில் நாக்குக்குப் பிடிக்காமல் போய்விட்டால்?

நான் வைன் வியாபாரத்தில் இருப்பவன் அல்லன். பதினைந்து ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கடை மேசைகளின் முன் நின்று, கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டவன். ஒரு நல்ல பிரெஞ்சு சிவப்பு வைனைத் தெரிந்துகொள்ள இங்கே நான்கு வழிகள் இருக்கின்றன. கடையின் இலவச மேசை, கட்டணம் கட்டிப் போகும் டேஸ்டிங், வைன் பாரில் கிளாஸ் கணக்கில் வாங்குவது, நண்பர்கள் சேர்ந்து ஒரு போத்தல் திறப்பது. நான்கும் நான்கு வகையான கேள்விக்கு விடை. கேள்வி தெரியாமல் வழியைப் பிடிப்பதில்தான் காசு போகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, இரண்டு வைன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறதா என்பது. நாக்குக்கு நினைவாற்றல் குறைவு. போன மாதம் குடித்ததையும் இன்று குடிப்பதையும் ஒப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு கிளாஸ் எதிரே இருந்தால், ஒன்றுமே தெரியாதவருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரண்டாவது காசு. இதில் சிங்கப்பூருக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே வைனுக்கான தீர்வை அதன் விலையைப் பார்ப்பதில்லை. அதிலுள்ள மதுசாரத்தின் அளவைத்தான் பார்க்கிறது. ஒரு லிட்டர் தூய மதுசாரத்துக்கு 88 வெள்ளி. 13.5 விழுக்காடு மதுசாரம் உள்ள 750 மில்லி போத்தலில் தூய மதுசாரம் ஏறக்குறைய 101 மில்லி இருக்கும். ஆகவே தீர்வை 8.90 வெள்ளி சொச்சம். 25 வெள்ளி போத்தலுக்கும் அதுதான், 150 வெள்ளி போத்தலுக்கும் அதுதான். அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 25 வெள்ளி போத்தலில் தீர்வையும் வரியுமாக 11 வெள்ளி போய்விடுகிறது. போத்தல், கார்க், கப்பல் கூலி, கடை வாடகை, லாபம், வைன் எல்லாம் மீதி 14 வெள்ளிக்குள் அடங்க வேண்டும். 150 வெள்ளி போத்தலில் 21 வெள்ளிதான் போகிறது. அதனால் இந்த ஊரில் ஆகக் குறைந்த விலைப் போத்தல்தான், உள்ளே இருக்கும் வைனைக் கணக்கில் எடுத்தால், ஆக அதிக விலை. “வாரத்துக்கு ஒன்றாக 25 வெள்ளி போத்தல் நான்கு வாங்குவதைவிட மாதத்துக்கு ஒன்றாக 90 வெள்ளியில் வாங்கு” என்று நான் பலரிடம் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, போத்தல் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பது. நல்ல சிவப்பு வைன் 12, 14 டிகிரியில் படுக்க வேண்டியது. நம் ஊர் வெயில் 31, 32. ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) தொண்ணூறு வெள்ளிக்கு ஒரு பர்கண்டி வட்டார வைன் வாங்கினேன். வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்தால், கார்க் கழுத்துக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் எழும்பி நிற்கிறது. கழுத்தில் பிசுபிசுவென்று ஒரு சிவப்புக் கோடு இறங்கியிருக்கிறது. எங்கோ, எப்போதோ சூடு பட்ட போத்தல். உள்ளே பழச் சுவை இல்லை, வெந்த கொடிமுந்திரிச் சுவைதான் இருந்தது. அன்றிலிருந்து எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் பார்ப்பது விலைச்சீட்டை அல்ல. கண்ணாடிச் சன்னலோரம் வெயிலில் போத்தல் நிற்கிறதா, இரவில் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுகிறார்களா என்பதைத்தான்.

நான்காவது, நேரம். நல்ல வைன் கிளாஸில் மாறிக்கொண்டே இருக்கும். முதல் வாயில் இறுகிக் கிடந்தது ஒரு மணி நேரம் கழித்து வேறாக இருக்கும். அதைப் பார்க்க அவகாசம் கிடைக்கிறதா?

ஐந்தாவது சின்னதுதான், ஆனால் நம்மவர்களுக்குப் பெரிது: எதுவும் வாங்காமல் கூச்சமின்றி வெளியே வர முடிகிறதா?

## கடையின் இலவச மேசை

சனிக்கிழமை பிற்பகல்களில் பல வைன் கடைகள் வாசல் பக்கம் ஒரு மேசை போட்டு மூன்று நான்கு போத்தல்களைத் திறந்து வைத்திருக்கும். ஒரு வாய், சில இடங்களில் பிளாஸ்டிக் கோப்பையில். காசு கிடையாது.

இங்கே சிறந்த பிரெஞ்சு வைன் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கடை எதை விற்க நினைக்கிறதோ அதைத்தான் திறக்கும். ஆனாலும் முதல்முறை வருபவருக்கு ஒரு கேள்விக்கு இங்கே விடை கிடைத்துவிடும்: எனக்குத் துவர்ப்பு பிடிக்குமா, பிடிக்காதா? அது தெரிந்தால் பாதித் தூரம் தாண்டியாயிற்று. துவர்ப்பு பிடிக்கும் என்றால் போர்தோ பக்கம். பிடிக்காது என்றால் பர்கண்டி, போஜொலே பக்கம். மூன்றும் பிரான்ஸின் வைன் வட்டாரங்கள்.

மறைந்திருக்கும் செலவு அந்த ஐந்தாவது விஷயம்தான். நின்று பேசி, மூன்று வாய் குடித்துவிட்டு வெறும் கையோடு திரும்ப நமக்கு மனம் வராது. வேண்டாத 45 வெள்ளி போத்தலோடு வீட்டுக்கு வருவோம். போனவுடனே, முதல் வாய்க்கு முன்னாலேயே, “இன்றைக்கு வாங்குவதாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்” என்று சொல்லிவிடுங்கள். நல்ல கடைக்காரர் முகம் மாறாது. முகம் மாறினால் அந்தக் கடையைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டீர்கள்.

இன்னொன்று, போத்தல் எப்போது திறந்தது என்று கேளுங்கள். மதியம் இரண்டு மணிக்குத் திறந்து அறைச் சூட்டில் ஆறு மணிவரை நின்ற வைனை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

## கட்டணம் கட்டிப் போகும் டேஸ்டிங்

சித்தி மகள் கேட்ட மாதிரிக் கேள்விக்கு, அதாவது “எங்களுக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை” என்பவர்களுக்கு, இதுதான் என் விடை. தயக்கமில்லாமல் சொல்வேன்.

மாலை ஏழு மணிவாக்கில் பத்திலிருந்து இருபது பேர் வரை உட்காருவார்கள். ஐந்து அல்லது ஆறு வைன், ஒவ்வொன்றும் 40 மில்லி அளவில். ஒரே தோட்டத்தின் வெவ்வேறு ஆண்டுகளை வரிசையாக வைப்பார்கள், அல்லது ஒரே ஆண்டின் வெவ்வேறு ஊர்களை. புதியவர்களுக்கு இரண்டாவது வகை மேல். ஊருக்கு ஊர் வரும் வித்தியாசம் பெரிது, எளிதில் பிடிபடும். ஆண்டுக்கு ஆண்டு வரும் வித்தியாசம் நுட்பமானது. பழகின நாக்குக்குத்தான் சட்டென்று தெரியும்.

எனக்கு மறக்காத ஒரு மாலை. எதிரே இரண்டு கிளாஸ், இரண்டும் போர்தோ, இரண்டும் ஒரே ஆண்டு. இடது பக்கம் போயாக் ஊரின் வைன். அதில் காபர்னே சோவிஞோன் திராட்சைதான் அதிகம். வலது பக்கம் பொமரோல் ஊரின் வைன், பெரும்பாலும் மெர்லோ. வெள்ளைத் தாளின்மேல் கிளாஸைச் சாய்த்துப் பார்த்தால் நிறத்தில் பெரிய மாற்றமில்லை. வாயில் வைத்ததும் போயாக் ஈறைப் பிடித்து இழுத்தது. வாழைப்பூவை அரைவேக்காட்டில் தின்றால் வருமே, அந்தப் பிடிப்பு. பொமரோல் அதே அடர்த்தி, ஆனால் நாக்கின்மேல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணை மூடி இடது கிளாஸை இன்னொரு முறை முகர்ந்துவிட்டு, “பாக்குப் பெட்டி” என்றார். கடைக்காரப் பெண் கொடுத்த குறிப்புத் தாளில் ‘சீடர் மரம், சுருட்டுப் பெட்டி’ என்று அச்சிட்டிருந்தது. இரண்டு பேர் சொன்னதும் ஒன்றுதான்! நமக்கு வைன் பேச்சு தெரியாது என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. துவர்ப்பையும் புளிப்பையும் அறுசுவையில் தனித்தனியாகப் பெயரிட்டு வைத்திருக்கும் நாக்கு நம்முடையது. நெல்லிக்காய், பாக்கு, மாதுளைத் தோல், மழை விழுந்த செம்மண், இடித்த மிளகு என்று உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தத் தாள்தான் உதவும்.

காசு கட்டுமுன் கேட்க வேண்டியவை சில. என்னென்ன வைன், எந்த ஆண்டு, தயாரித்தவர் யார் என்ற முழுப் பட்டியலை முன்கூட்டியே தரச் சொல்லுங்கள். ‘சிறந்த பர்கண்டி மாலை’ என்ற தலைப்பை நம்பிப் பதிவு செய்யாதீர்கள். ஜெவ்ரே ஷம்பெர்தான் என்பது ஓர் ஊரின் பெயர்; ஷம்பெர்தான் என்பது அந்த ஊரில் உள்ள, ஆக உயர்ந்த கிரான் க்ரு வகுப்பைச் சேர்ந்த ஒரு நிலத்தின் பெயர். 1847இல்தான் ஜெவ்ரே என்ற ஊர் அந்தப் புகழ்பெற்ற நிலத்தின் பெயரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஒரு சொல் கூடினால் விலை பல மடங்கு இறங்குகிறது. அதேபோல் லேபிளில் ‘கிரான் வேன் த போர்தோ’ என்று இருப்பது தரவரிசை அல்ல. ‘கிரான் க்ரு கிளாசே 1855’ என்று இருந்தால் அது வரிசையில் உள்ளது. பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டபோது, அந்தக் காலத் தரகர்கள் சந்தை விலையை வைத்துப் போட்ட வரிசை அது. இன்று அதில் 61 சிவப்பு வைன் தோட்டங்கள் இருக்கின்றன. முதல் படியில் நான்காக இருந்தது, 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் ஏறியபின் ஐந்தாயிற்று. 170 ஆண்டுக்கு முந்தைய விலைப்பட்டியல் இன்றைய உங்கள் நாக்குக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை, ஐந்தாம் படித் தோட்டம் ஒன்றை மூன்றாம் படித் தோட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு போத்தலை எத்தனை பேருக்குப் பிரிக்கிறார்கள் என்பதும் முக்கியம். இருபது பேருக்கு என்றால் ஆளுக்கு 37 மில்லிதான், இரண்டு வாய். போதும், ஆனால் திரும்பிப் பார்க்க மிச்சமிருக்காது. ஆளுக்கு எத்தனை கிளாஸ் வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரே கிளாஸைக் கழுவிக் கழுவி ஊற்றினால் ஒப்பிடும் வாய்ப்பே போய்விட்டது. கட்டணத்தில் பாதி அதற்காகத்தான் கட்டுகிறோம்.

இதில் மறைந்திருக்கும் செலவு மூன்று. ஒன்று, மாலையின் முடிவில் வரும் ‘இன்றிரவு மட்டும்’ தள்ளுபடி. ஆறு போத்தல் எடுத்தால் இவ்வளவு குறையும் என்பது. ஆறு வைனுக்குப் பிறகு நம் தீர்ப்பு தளர்ந்திருக்கும். ஆறு முறை 40 மில்லி என்றால் 240 மில்லி. 13.5 விழுக்காட்டில் அது ஏறத்தாழ 25 கிராம் மதுசாரம், அதாவது இரண்டு கேன் பீர் அளவு. நான் மறுநாள் காலை காப்பிக்குப் பிறகு குறிப்பைப் படித்துவிட்டுத்தான் வாங்குவேன். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. இரண்டு, பாலாடைக்கட்டி. மேசைமேல் சீஸ் வைத்திருந்தால் முதல் சுற்றில் தொடாதீர்கள். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மழுங்கடித்துவிடும், முரட்டு வைனும் சாதுவாகத் தெரியும். வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும். மூன்று, போக்குவரத்து. காரை வீட்டில் விட்டுவிடுங்கள். சட்டம் சொல்லும் எல்லை 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம் மதுசாரம். அதற்குக் கீழே இருக்கிறோமா என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. மேசையில் துப்புவதற்கென்று ஒரு வாளி இருக்கும். துப்புவது அங்கே மரியாதைக் குறைவு கிடையாது. தொழிலில் உள்ளவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

## வைன் பாரில் கிளாஸ் கணக்கில்

தஞ்சோங் பகார், டெம்சி ஹில் பக்கமெல்லாம் விலையுயர்ந்த வைனைக் கிளாஸ் கணக்கில் தரும் இடங்கள் இருக்கின்றன. கொராவின் என்ற கருவி வந்தபின் இது எளிதாயிற்று. கார்க்கைப் பிடுங்காமல் ஊசியை உள்ளே இறக்கி, ஆர்கான் வாயுவைச் செலுத்தி, வைனை வெளியே எடுக்கிறார்கள். ஊசியை எடுத்ததும் கார்க் தானாக மூடிக்கொள்ளும். உள்ளே காற்றுப் புகாததால் மீதி வைன் கெடாமல் நிற்கும்.

குறிப்பிட்ட ஒரு சந்தேகம் உள்ளவருக்கு இது சரியான வழி. “வோன் ரொமனே என்ற பர்கண்டி ஊரின் வைனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?” என்று தோன்றினால், 200 வெள்ளி போத்தல் வாங்காமல் ஒரு கிளாஸில் விடை கிடைத்துவிடும். கிளாஸும் குளிர்ச்சியும் பெரும்பாலும் சரியாக இருக்கும். நிதானமாக ஒரு மணி நேரம் அதோடு உட்காரலாம். வாங்கச் சொல்லி யாரும் நிற்க மாட்டார்கள்.

பட்டியலில் 28 என்று இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு வரியும் சேர்ந்து 33.57 வெள்ளி ஆகும். 125 மில்லி கிளாஸ் என்றால் ஒரு போத்தலுக்கு ஆறு. பெருக்கிப் பார்த்தால் அதே போத்தல் கடையில் என்ன விலை என்று தேடத் தோன்றும். அரைக் கிளாஸ் தருவார்களா என்று கேட்டு, இரண்டு வைனை அரை அரையாக வாங்குங்கள். தனியாக ஒரு கிளாஸை முகர்ந்துகொண்டிருப்பதைவிட அது பல மடங்கு கற்றுத்தரும்.

## ஆறு பேர் சேர்ந்து ஒரு போத்தல்

தனக்கு என்ன பிடிக்கும் என்று ஓரளவு தெரிந்தவருக்கு இதைவிடச் சிறந்த வழி நான் பார்த்ததில்லை. தலா 120 வெள்ளியில் இரண்டு போத்தல், ஆறு பேர், ஆளுக்கு 40 வெள்ளி. ஒவ்வொருவருக்கும் இரண்டு வைனிலும் 125 மில்லி. ஒப்பீடும் உண்டு, அவகாசமும் உண்டு, சாப்பாடும் உண்டு.

நேரம் என்று சொன்னேனே, அது இங்கேதான் முழுதாகக் கிடைக்கிறது. ஏழரைக்குத் திறந்த கோர்னாஸ் (ரோன் பள்ளத்தாக்கு ஊர் ஒன்றின் வைன்), முதலில் இரும்புச் சட்டி வாசம் அடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். எட்டரைக்கு மிளகு வரும். ஒன்பதரைக்கு, தட்டையெல்லாம் எடுத்தபிறகு, கிளாஸின் அடியில் இருக்கும் ஒரு விரற்கடையில் வயலட் பூ வாசம் வரும். கடை மேசையில் 40 மில்லியை ஐந்து நிமிடத்தில் முடிக்கும்போது இந்த மூன்றில் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு, ‘பிடிக்கவில்லை’ என்று எழுதிவிடுகிறோம். நானும் ஒருமுறை அப்படி எழுதிய வைன்தான் இது.

வீட்டில் செய்வதானால் இரண்டு மூன்று விஷயம். சிவப்பு வைனை ‘அறை வெப்பத்தில்’ குடி என்பது 17, 18 டிகிரி உள்ள ஐரோப்பிய அறைக்குச் சொன்னது. நம் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்துக்கு இல்லை. திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பர்கண்டிக்கு இன்னும் கொஞ்சம் கூட. கழுத்துவரை நிரப்பாமல் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள்.

மறைந்திருக்கும் செலவு, போத்தல் கெட்டிருந்தால் முழுச் செலவும் உங்களுடையது என்பதுதான். கார்க்கில் வரும் கெடுதல் ஒன்று உண்டு. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். டேஸ்டிங்கில் அப்படி வந்தால் கடைக்காரர் இன்னொன்று திறப்பார். வீட்டில் வந்தால் கீழே ஊற்றிவிடாமல் கார்க்கை மாட்டி, ரசீதோடு மறுநாளே எடுத்துப் போங்கள். மாற்றித் தருவார்களா என்பதை வாங்கும்போதே கேட்டு வைப்பது நல்லது. உணவகத்துக்கு எடுத்துப் போவதானால் கார்க் கட்டணத்தை (நம் போத்தலை அங்கே திறக்க அவர்கள் வாங்குவது) தொலைபேசியில் முன்பே கேளுங்கள். சில இடங்களில் அது போத்தல் விலையில் பாதியைத் தொடும்.

## ஒரே பார்வையில்

| | இலவச மேசை | கட்டண டேஸ்டிங் | பாரில் கிளாஸ் | ஆறு பேர், வீட்டில் |
|---|---|---|---|---|
| ஒப்பிட முடியுமா | ஓரளவு | மிக நன்றாக | அரைக் கிளாஸ் கிடைத்தால் | இரண்டு போத்தல் இருந்தால் |
| சிறந்த வைன் கிடைக்குமா | அரிது | பட்டியலைப் பொறுத்து | கிடைக்கும் | நீங்கள் வாங்குவதுதான் |
| வைன் மாறுவதைப் பார்க்க | வழியில்லை | கொஞ்சம் | ஒரு மணி நேரம் | முழு மாலை |
| சாப்பாட்டோடு | இல்லை | இல்லை | விலை கூடும் | உண்டு |
| மறைந்த செலவு | கூச்சத்தில் வாங்குவது | தள்ளுபடி மயக்கம் | சேவைக் கட்டணம், வரி | கெட்ட போத்தல் |
| யாருக்கு | முதல்முறை | எது பிடிக்கும் என்று தேடுபவர் | ஒரு வைனைப் பற்றிய சந்தேகம் | பிடித்தது தெரிந்தவர் |

## எந்த ஊர் வைனுக்கு எந்த வழி

போர்தோவைக் கட்டண டேஸ்டிங்கில் பாருங்கள். கூட்டம் வருவதால் கடைகள் அடிக்கடி நடத்தும், ஒப்பிடவும் எளிது. பெரிய தோட்டங்கள் தங்கள் இரண்டாம் வைனை, அதாவது முதன்மை வைனுக்கு அடுத்த நிலையில் உள்ளதை, வேறு பெயரில் விற்கின்றன (லத்தூருக்கு லே ஃபோர் த லத்தூர், மார்கோவுக்குப் பவியோன் ரூஜ்). டேஸ்டிங் பட்டியலில் அவை இருந்தால் தவறவிடாதீர்கள்.

பர்கண்டிக்கு என் யோசனை வேறு. ஒரே பினோ நுவார் திராட்சை. ஆனால் வட்டாரம், ஊர், பிரமியே க்ரு, கிரான் க்ரு என்று நான்கு படி. விலையும் படிக்குப் படி தாவும். தயாரித்தவர் யார் என்பது படியைவிட முக்கியம். நல்லவர் கையில் ஊர் வைன், சுமாரானவர் கையில் உள்ள கிரான் க்ருவை வென்றுவிடும். இதைக் கிளாஸ் கணக்கில் நிதானமாகத்தான் கற்க முடியும். கண்ணை மூடி 250 வெள்ளிக்குப் பர்கண்டி வாங்குவதுதான் எனக்குத் தெரிந்து மிகவும் ஆபத்தான செலவு.

ரோன் பள்ளத்தாக்கை வீட்டுக்கு விட்டுவிடுங்கள், நம் சாப்பாட்டுக்காக. வடக்கு ரோனின் சிரா திராட்சையில் ரோட்டண்டோன் என்ற பொருள் இருக்கிறது. மிளகில் மிளகு வாசத்தைத் தருவதும் அதேதான். ஆட்டுக்கறி மிளகு வறுவலோடு ஒரு க்ரோஸ் எர்மிதாஜ் வைத்துப் பாருங்கள். எர்மிதாஜ் குன்றைச் சுற்றியுள்ள ஊர்களின் வைன் அது. குன்றின் வைன் விலைக்குப் பக்கத்தில் இது கையைக் கடிக்காது. மிளகாய்க் காரம் வேறு கதை. அது துவர்ப்பையும் மதுசாரத்தின் எரிச்சலையும் தூக்கிக் காட்டும். நண்டு மிளகாய்க் குழம்போடு போயாக் வைத்தால் இரண்டும் பாழ். அன்றைக்குப் போஜொலேயின் மோர்கோன் அல்லது ஃப்ளூரியைச் சற்றுக் குளிர வைத்துக் கொடுங்கள். கமே திராட்சைக்குத் துவர்ப்பு குறைவு, பழம் அதிகம், விலையும் குறைவு.

## நேரம்

இரவு பத்தரையிலிருந்து காலை ஏழு மணிவரை கடைகள் எடுத்துச் செல்ல மது விற்கக் கூடாது. 2015 முதல் இதுதான் சட்டம். டேஸ்டிங் நீண்டு பத்தரையைத் தாண்டினால் பிடித்த போத்தலை அன்று வாங்க முடியாது. (மறுநாள் வாங்குங்கள் என்ற என் யோசனைக்கு இது தோதுதான்.) லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனி வட்டாரங்கள், அங்கே சனி, ஞாயிறு, பொது விடுமுறை, அதற்கு முந்திய நாள் மாலை ஏழு மணிக்கே விற்பனை நின்றுவிடும். பத்தரைக்கு மேல் அடுக்குமாடியின் கீழ்த்தளம், பூங்கா போன்ற பொது இடங்களில் உட்கார்ந்து திறக்கவும் கூடாது.

## முந்நூறு வெள்ளிக்கு

சித்தி மகளிடம் நான் சொன்னது இது: பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்பே இருவருமாக ஒரு கட்டண டேஸ்டிங்குக்குப் போங்கள். அதற்கு 120 வெள்ளி வைத்துக்கொள். அவர் எந்தக் கிளாஸுக்குக் கை திரும்பத் திரும்பப் போகிறது என்று மட்டும் கவனி. வாயால் சொல்வதைக் கேட்காதே. மறுநாள் அந்த ஊரின் வைனில், நல்ல தயாரிப்பாளருடையதாக ஒரு போத்தல், 180 வெள்ளிக்குள்.

போய்விட்டு வந்தார்கள். பட்டியலில் ஆக விலை கூடியது போர்தோவின் மெடோக் பகுதியில் உள்ள இரண்டாம் படித் தோட்டம் ஒன்றின் வைன். அவர் அதைப் பாராட்டிப் பேசிவிட்டு, பேசிக்கொண்டே தெற்கு ரோனின் ஷாதோநெஃப் து பாப் கிளாஸைக் காலி செய்தாராம். கிரனாஷ் திராட்சையின் அந்த இனிமையும் சூடும் அவருக்குப் பிடித்திருக்கிறது. அவிஞோனில் போப்புகள் வாழ்ந்த காலத்தின் பெயரைச் சுமக்கும் வைன். பல போத்தல்களின் தோளில் போப்பின் சாவிச் சின்னம் புடைத்து நிற்கும். பத்தாண்டு பழையதாக ஒன்று 130 வெள்ளிக்குக் கிடைத்ததாம். மிச்சத்தில் நல்ல கிளாஸ் ஆறு வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விருந்து. போத்தலை வியாழக்கிழமையே நிமிர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன், அடியில் வண்டல் தங்கட்டும் என்று. ஊற்றும்போது கழுத்துக்குப் பின்னால் கைத்தொலைபேசி விளக்கைப் பிடித்து, கறுப்பாக இழை வரும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஆட்டுக்கறி அவள் வறுக்கிறாள், காரம் குறைத்து.